சூதகமா, சூலா? ஃபிக்ஹிலும் மருத்துவத்திலும் ஒரு நெடிய வினா

ஒரு பெண் கருவுற்றிருப்பதை ‘முழுகாமல் இருக்கிறாள்’ என்று சொல்வது தமிழில் நெடுநாளைய வழக்கு. மாதவிலக்கு தீர்ந்தபின் தலைமுழுகுவது மரபு. அம்முழுக்கு நின்றுபோயின் கரு தங்கிற்று என்று கொள்வர். மூதாட்டியரின் அனுபவம் திரண்டு நிற்கும் இச்சொல் பெரும்பாலும் பொய்ப்பதில்லை. ஆனால் இதனைத் திருப்பிப் போட்டு, ‘முழுகிவிட்டாள், ஆதலின் கருவில்லை’ என்று முடிவு கட்டினால் அது எப்போதும் மெய்யாவதில்லை. இந்த இரண்டாவது முடிவால் நேர்ந்த இடர்களும், அதனைப் பற்றி நம் முன்னோர் நடத்திய ஆராய்ச்சியும் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உடையவை. அவ்வரலாற்றின் சில ஏடுகளைப் புரட்டிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் மஃரிப் தொழுகைக்குப் பின் ஒருவர் என்னிடம் வந்தார். அவர் மனைவிக்கு வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மாதம் வழக்கமான நாளில் உதிரம் கண்டு, நின்று, மீண்டும் சிறிது சிறிதாகப் பத்து நாட்களாகத் தொடர்ந்தது. தொழுவதா, விடுவதா என்பதே அவருடைய வினா. நான் நாட்களைக் கேட்டேன், தாளில் குறித்தேன், ஷாஃபிஈ மத்ஹபின் கணக்குப்படி விடை சொன்னேன். அவரும் மனநிறைவோடு சென்றார். ஐந்தாம் நாள் விடியலில் அப்பெண்மணி மயங்கி விழுந்தார். கருக்குழாயில் தங்கியிருந்த கரு வெடித்து, வயிற்றுக்குள் இரத்தம் பெருகியிருந்தது. அறுவை செய்து உயிரைக் காத்தனர், அல்ஹம்து லில்லாஹ். நான் சொன்ன விடை நூலின்படி பிழையன்று. ஆயினும் கேட்டிருக்க வேண்டிய ஒரு வினாவை நான் கேட்கவில்லை. அந்த வினா நம் நூல்களுக்குப் புதியதன்று என்பதைப் பின்னர் அந்நூல்களையே மீண்டும் ஓதியபோது உணர்ந்தேன்.

நபிகள் காலத்து வினாக்கள்

பெண்களின் உதிரப்போக்கை ஃபிக்ஹு நூல்கள் மூன்றாக வகுக்கின்றன. மாதந்தோறும் வருவது ஹைளு. மகப்பேற்றின் பின் வருவது நிஃபாஸ். இவ்விரண்டும் அல்லாத நோய்ப் போக்கு இஸ்திஹாளா. நம் நாட்டு வைத்தியர் ‘பெரும்பாடு’ என்று வழங்கியதில் ஒரு பகுதி இம்மூன்றாம் வகையைச் சாரும்.

இப்பகுப்பின் வேர் சில ஸஹாபிப் பெண்மணிகள் தயக்கமின்றிக் கேட்ட வினாக்களில் இருக்கிறது. ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) அவர்கள், தமக்கு உதிரம் நிற்பதேயில்லை, தொழுகையை விட்டுவிடலாமா என்று வினவினார்கள். அது ஓர் இரத்தக் குழாயிலிருந்து வருவதேயன்றி ஹைளன்று என்றும், ஹைளு வரும்போது மட்டும் தொழுகையை விட வேண்டும் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். உம்மு ஹபீபா பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் ஏழாண்டுகள் இத்துன்பத்தில் இருந்ததாக அறிவிப்புகள் கூறுகின்றன. ஹம்னா பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களுக்குப் பஞ்சு வைத்துக்கொள்ளுமாறு நபியவர்கள் அறிவுரை கூறிய செய்தியும் ஹதீஸ் நூல்களில் உண்டு.

உதிரம் என்றால் ஒன்றே என்று கொள்ளாமல், எதனால் வருகிறது என்று பிரித்தறிய வேண்டும் என்ற பாடம் இங்கே இருக்கிறது. இயல்பானது வேறு, நோயால் வருவது வேறு என்ற இந்தப் பிரிவினையே இன்றைய மருத்துவர்க்கும் முதற்படியாகும்.

மத்ஹபுகளின் கருத்து வேற்றுமை

இனி நம் பொருளுக்கு வருவோம். கருவுற்றவளுக்கு உதிரம் கண்டால் அது எவ்வகை? இவ்வினாவில் இமாம்கள் இரு அணியாயினர்.

கருவுற்றவளுக்கு ஹைளு வாராது, அவள் காணும் உதிரம் இஸ்திஹாளாவே, ஆதலின் அவள் தொழ வேண்டும் என்பது ஹனஃபீ, ஹன்பலீ மத்ஹபுகளின் நிலை. ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் மர்கீனானீ (கி.பி. 1197இல் மறைவு) தம் ‘ஹிதாயா’வில் இதற்கு உடற்கூற்றுக் காரணமே காட்டுகிறார்: கரு தங்கியதும் கருப்பையின் வாய் அடைபட்டுவிடுகிறது என்பது இயற்கை நியதி என்கிறார் அவர். உதிரம் நின்றுபோவதைக் கொண்டே பெண்கள் தம் கருவை அறிகின்றனர் என்ற இமாம் அஹ்மத் அவர்களின் கருத்தும் இவ்வழிப்பட்டதே. ‘முழுகாமல் இருத்தல்’ என்ற தமிழ் வழக்கின் கருத்தும் இதுவே அன்றோ!

மாலிகீ மத்ஹபும், ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான சொல்லும் இதற்கு மாறானவை. ஹைளின் நிபந்தனைகளுக்கு உட்பட்டு வருமாயின் கருவுற்றவள் காணும் உதிரமும் ஹைளே. அவள் தொழுகையை விட வேண்டும். கருவுற்ற நிலையில் உதிரம் காண்பவள் தொழுகையை விடுவாள் என்ற அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் கூற்றை இமாம் மாலிக் ‘முவத்தா’வில் பதிவு செய்துள்ளார். இமாம் நவவீ (கி.பி. 1277இல் மறைவு) ‘மின்ஹாஜ்’ நூலில் தெளிவானது என எடுத்துரைப்பதும் இச்சொல்லையே.

தமிழகத்தில் கடற்கரை ஊர்கள் பலவற்றில் ஷாஃபிஈகளும், உள்நாட்டு ஊர்களில் ஹனஃபீகளும் மிகுதியாக வாழ்வதால், ஒரே உதிரத்துக்கு ஒரு வீட்டில் ‘தொழாதே’ என்றும் அடுத்த வீட்டில் ‘தொழு’ என்றும் விடை கிடைப்பதைக் காண்கிறோம். பலர் இவ்வேற்றுமையோடு நின்றுவிடுவர். ஆனால் இரு அணியாரும் ஒருமித்து ஏற்கும் ஒன்று இதற்கு அடியில் இருக்கிறது. கருவுற்றவளுக்கு உதிரம் வருவதுண்டு. அது ஹைளு போலவே தோன்றுவதும் உண்டு. இவ்வுண்மையை ஏற்றுக்கொண்ட பிறகே அதற்கு என்ன பெயரிடுவது என்ற விவாதம் எழ முடியும்.

பாடவேளையில் ஒரு மாணவர் எழுப்பிய வினாவும் இங்கு நினைவுகூரத்தக்கது. “கருவுற்றவளுக்கும் ஹைளு வரலாம் என்பது நம் மத்ஹபு. அப்படியானால் மணவிலக்குப் பெற்றவள் இத்தா இருந்து, உதிரமும் தூய்மையும் மாறி மாறிக் கண்டுவிட்டால் கருப்பை வெறுமையாயிற்று என்பதற்கு அது எப்படிச் சான்றாகும்?” என்று அவர் கேட்டார். கூரிய வினா. இதற்கு நம் ஃபுகஹாக்கள் தந்த விடை, உதிரம் தருவது பெரும்பான்மை பற்றிய ஊகம், அதாவது ளன்னு. உறுதியான அறிவாகிய யகீன் அன்று என்பதாகும். எனவே இத்தாவின் இடையே கரு வெளிப்பட்டால் உதிரக் கணக்குச் செல்லாது. மகப்பேறு வரை இத்தா நீளும். கரு உண்டோ என்ற ஐயம் இத்தாவுக்குள் தோன்றினால், ஐயம் நீங்கும்வரை அவள் மறுமணம் செய்யலாகாது. ‘மின்ஹாஜ்’ இவ்விரண்டையும் தெளிவாகச் சொல்கிறது. கருவைச் சுமப்போரின் இத்தா மகப்பேறு வரை என்று திருக்குர்ஆன் (65:4) வரையறுப்பதும், கருப்பையில் உள்ளதை மறைக்கலாகாது என்று எச்சரிப்பதும் (2:228) ஈண்டு ஒருங்கே நோக்கற்பாலன.

கலீஃபா உமர் (ரலி) முன் வந்த வழக்கு

இவ்வரலாற்றில் என் உள்ளத்தை மிகவும் ஈர்த்த நிகழ்ச்சி ‘முவத்தா’வில் இடம்பெற்றுள்ள ஒரு வழக்காகும். கணவனை இழந்த ஒரு பெண் நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருந்தாள். பின் மறுமணம் புரிந்தாள். புதுக்கணவனுடன் நாலரை மாதம் வாழ்ந்த நிலையில் நிறைவான ஒரு குழந்தையைப் பெற்றாள். திகைத்துப்போன கணவன் உமர் (ரலி) அவர்களிடம் முறையிட்டான்.

நாலரை மாதத்தில் முழுக்குழந்தை பிறவாது. சுமத்தலும் பால்குடி மறத்தலும் முப்பது மாதம் (46:15), பால்குடி மறத்தல் ஈராண்டில் (31:14) என்னும் இரு வசனங்களை இணைத்து, கருக்காலத்தின் மிகக் குறைந்த அளவு ஆறு மாதம் என்று அறிஞர்கள் கணித்துள்ளனர். அப்படியாயின் இக்குழந்தை யாருடையது? அப்பெண் நடத்தை பிறழ்ந்தவளா? ஒரு பெண்ணின் மானமும் ஒரு குழந்தையின் வமிசமும் தராசில் நின்ற நேரம் அது.

உமர் (ரலி) அவர்கள் உடனே தீர்ப்பளிக்கவில்லை. அனுபவம் முதிர்ந்த பழங்காலத்து மூதாட்டியரை அழைத்துக் கருத்துக் கேட்டார்கள். அவர்களுள் ஒருத்தி விளக்கினாள்: முதற்கணவன் இறக்கும்போதே இவள் கருவுற்றிருந்தாள், பின்னர் உதிரம் பெருகியதால் கரு வாடிக் கிடந்தது, மறுமணத்துக்குப் பின் அது அசைந்து வளர்ந்தது. உமர் (ரலி) அவர்கள் இச்சொல்லை ஏற்றார்கள், தம்பதியைப் பிரித்தார்கள், அவ்விருவரைப் பற்றி நல்லதன்றி வேறெதுவும் தமக்கு எட்டவில்லை என்று அறிவித்துப் பழியினின்றும் காத்தார்கள், குழந்தையை முதற்கணவனுக்கு உரியதாக்கினார்கள்.

கரு வாடிக் கிடந்து பின் துளிர்த்தது என்ற விளக்கத்தை இன்றைய மருத்துவம் ஏற்காது. ஆயின் கணக்கைப் பாருங்கள். இத்தா முடிந்ததும் தாமதமின்றி மணம் நிகழ்ந்ததாகக் கொண்டால், முதற்கணவனின் மறைவிலிருந்து பேறு வரை எட்டு மாதம் இருபத்தைந்து நாள். பிறைக்கணக்கில் ஏறத்தாழ 261 நாட்கள். கரு உருவானதிலிருந்து பிறப்பு வரை சராசரியாக 266 நாட்கள் என்பது இன்றைய அளவு. அதாவது, கணவன் மறைவுக்குச் சில நாட்கள் முன் தங்கிய கரு, தன் இயல்பான காலத்தில் பிறந்திருக்கிறது! இடையில் வந்த உதிரத்தை அப்பெண் ஹைளென எண்ணினாள், கருவை அறியாதிருந்தாள். மூதாட்டி சொன்ன காரணம் தவறாயினும், ‘உதிரம் கண்டும் கரு இருந்தது’ என்ற அவளுடைய முடிவு சரியானதே. மறுமணத்தின் பின் ஆறு மாதத்துக்குள் பேறு நிகழ்ந்தால் அம்மணம் செல்லாது என்று பின்வந்த ஃபிக்ஹு நூல்கள் வகுத்த விதியும் இத்தீர்ப்போடு பொருந்துகிறது.

ஹகீம்களின் பார்வை

மருத்துவர்களின் பக்கம் திரும்பினால், கருவுற்றவளுக்கு மாத உதிரம் வருமாயின் கரு நலமாக இராது என்ற புக்ராத்தின் கருத்து முதலில் எதிர்ப்படுகிறது. கிரேக்கர் ஹிப்போக்ரட்டீஸைத்தான் அரபியர் புக்ராத் என்றனர். அவருடைய ‘ஃபுஸூல்’ நூலை பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (கி.பி. 809–873) அரபியில் பெயர்த்தார். மாத உதிரமே கருவுக்கு உணவாகிறது என்பது அக்கால மருத்துவரின் கொள்கை. உணவு வெளியேறினால் கரு நலியும் என்பது அதன் வழி வந்த முடிவு. கொள்கை பிழை, ஆனால் கருக்கால உதிரம் எச்சரிக்கைக்கு உரியது என்ற கவனம் சரி.

இப்னு ஸீனா (கி.பி. 980–1037) ‘அல்கானூன்’ மூன்றாம் நூலில் கருப்பை நோய்களுக்கெனத் தனிப் பகுதி ஒதுக்கி, கருவின் அடையாளங்களையும் ‘ரஜா’ எனப்படும் பொய்க்கருவையும் ஆராய்கிறார். மாதவிலக்கு நின்று வயிறு பெருத்தும் உள்ளே குழந்தை இராத நிலை அது. உதிரம் நின்றாலும் கரு என்று உறுதியில்லை என்பதையும் அவர் இவ்வாறு உணர்த்திவிடுகிறார்.

குர்துபாவை அடுத்த ஸஹ்ராவில் வாழ்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ (கி.பி. 1013 அளவில் மறைவு) விட்டுச்சென்ற குறிப்பு இவற்றினும் வியப்பானது. முப்பது பகுதிகள் கொண்ட ‘அத்தஸ்ரீஃப்’ நூலின் இறுதிப் பகுதி அறுவை மருத்துவம் பற்றியது. அதில் தாம் கண்ட ஒரு பெண்ணைப் பற்றி எழுதுகிறார். அவள் வயிற்றில் ஒரு கரு இறந்தது, மீண்டும் கருவுற்றாள், அதுவும் இறந்தது. நெடுநாள் கழித்துத் தொப்புளருகே வீக்கம் எழுந்து சீழ் வடியலாயிற்று. மருந்திட்டும் ஆறவில்லை. ஒருநாள் அப்புண்ணிலிருந்து ஓர் எலும்பு வந்தது. சில நாளில் இன்னொன்று வந்தது. வயிற்றிலோ எலும்பு இல்லையே என்று அவர் வியந்தார்; ஆராய்ந்தார்; இறந்த சிசுவின் எலும்புகளே இவை என்று தெளிந்து பலவற்றை வெளியே எடுத்தார். அப்பெண் உயிர் பிழைத்து வாழ்ந்தாள். கருப்பைக்கு வெளியே கரு தங்குவதைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளுள் ஒன்றாக மருத்துவ வரலாற்றாசிரியர் இதனைப் போற்றுகின்றனர். தம் முன் எழுந்த ஐயத்தை மூடிவைக்காமல் பின்வருவோர்க்கு எழுதி வைத்த நேர்மையும் போற்றத்தக்கதே.

கருக்குழாய் வெடித்த பெண்ணை அறுவையால் காக்கலாம் என்பதை இங்கிலாந்தின் பர்மிங்காமில் லாசன் டெய்ட் என்னும் மருத்துவர் 1883இல் நிலைநாட்டினார். ஸஹ்ராவீ மறைந்து ஏறத்தாழ 870 ஆண்டுகளுக்குப் பிறகே அது கைகூடியது.

சிறுநீர்த் துளியில் கிடைத்த விடை

உதிரத்தைக் கொண்டு கருவை அறுதியிட முடியாது என்றால் வேறு எதைக் கொண்டு அறிவது? பண்டைய எகிப்தியர் கோதுமை, வாற்கோதுமை விதைகளின் மீது பெண்ணின் சிறுநீரை ஊற்றி, முளைத்தால் கரு உண்டு என்றனர். எகிப்திய ஆய்வாளர் 1963இல் இதனைச் சோதித்து வெளியிட்டபோது, கருவுற்றோரின் சிறுநீரில் நூற்றுக்கு எழுபது அளவில் விதைகள் முளைத்ததாகக் கண்டனர். நம் ஹகீம்களும் ‘காரூரா’ எனும் சிறுநீர்க் குப்பியை ஒளியில் பிடித்து நிறமும் படிவும் நோக்கினர். தேடிய இடம் சரியே. தேடப்பட்ட பொருள்தான் அன்று அறியப்படவில்லை.

அப்பொருள் கருவைச் சூழும் திசு சுரக்கும் ஓர் இயக்குநீர் ஆகும். பெர்லினில் அஷ்ஹைம், ஸொண்டெக் என்னும் இருவர் 1927 அளவில், பெண்ணின் சிறுநீரைச் சுண்டெலிக்குச் செலுத்தி அதன் சூலகத்தில் தோன்றும் மாற்றத்தால் கருவை அறியும் முறையைக் கண்டனர். விடைக்குப் பல நாட்கள் ஆயின, எலிகளும் மாண்டன. பின் தென்னாப்பிரிக்கத் தவளையைக் கொண்ட சோதனை வந்தது. 1960இல் ஸ்வீடனின் வைட், கெம்ஸெல் ஆகியோர் உயிரினம் இன்றிக் குழாயிலேயே செய்யும் முறையை அளித்தனர். 1972இல் அமெரிக்க ஆய்வாளர், அவ்வியக்குநீரை மட்டும் தனித்துக் காணும் இரத்தச் சோதனையை உருவாக்கினர். இதற்கிடையே கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் 1958இல் வெளியிட்ட ஆய்வு, ஒலியலைகளால் வயிற்றினுள் காணும் வழியைத் திறந்துவிட்டது. இன்று மருந்துக்கடையில் சிறு பட்டையாகக் கிடைக்கும் சோதனைக்குப் பின்னே இத்தனை பேர் உழைப்பு இருக்கிறது.

இன்றைய மருத்துவ அறிவு சொல்வது இது: கருவுற்றவர்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவர்க்கு முதல் மாதங்களில் உதிரம் காண்பதுண்டு. அவர்களுள் பலருக்குக் கரு நிலைத்து வளர்கிறது, சிலருக்குச் சிதைகிறது, ஒரு சிலருக்கு அக்கரு கருக்குழாயில் தங்கியதாக இருக்கிறது. கருக்களில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ இவ்வாறு இடம் மாறித் தங்குகின்றன. பெர்லினில் நடந்து 2002இல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஏறத்தாழ 475 பேறுகளுக்கு ஒன்றில், தாய் கருக்காலத்தின் பாதியைக் கடந்த பின்னரும் தன் கருவை அறியாதிருந்தாள். உமர் (ரலி) அவர்கள் முன் நின்ற பெண் அத்துணை அரிய விதிவிலக்கல்லள்!

ஆகவேதான் உலக மகப்பேற்று மருத்துவர் கூட்டமைப்பு 2011இல் முறைகேடான உதிரப்போக்கின் காரணங்களை ஒன்பதாக வகுத்தபோது, அவ்வகுப்பைக் கருவுறாத பெண்களுக்கே உரியதாக்கியது. சதைவளர்ச்சி, கட்டி, புற்று, உறைதல் குறை, சூலகக் கோளாறு என்ற ஆராய்ச்சியெல்லாம் கரு இல்லை என்று உறுதியான பின்னரே தொடங்க வேண்டும். இம்முதற்படியைத் தாண்டிவிட்டால் விளைவு கொடிது. கருவிருப்பது அறியாமல் கருப்பையைச் சுரண்டிவிடலாம். கருவுக்கு ஆகாத மருந்தைக் கொடுத்துவிடலாம். குழாய்க்கரு வெடிக்கும்வரை காத்திருந்துவிடலாம். மாதவிலக்கு நிற்கும் வயதை நெருங்கியவர்களிடம் இப்பிழை எளிதில் நேர்கிறது; ‘வயதாகிவிட்டது, அதனால் முறை தவறுகிறது’ என்று எல்லாரும் சமாதானம் சொல்லிக்கொள்கின்றனர்.

நாம் கேட்க வேண்டிய வினா

உதிரம் பற்றிய வினாவை நம் பெண்கள் மருத்துவரிடம் கொண்டுசெல்லும் முன்னரே ஆலிமிடம் கொண்டுவருகின்றனர். பெரும்பாலும் கணவர் வாயிலாக. தொழுகையும் நோன்பும் அதனைச் சார்ந்திருப்பதால் இது இயல்பே. எனவே முதலில் கேட்பவர் என்ற பொறுப்பு நம்மீது விழுகிறது. பதினைந்து நாள், பத்து நாள் என்ற எல்லைக் கணக்கைச் சொல்லுமுன், “கரு இருக்க வாய்ப்புண்டா? சோதித்துப் பார்த்தீர்களா?” என்று கேட்பதில் நாணம் தேவையில்லை, ஸஹாபிப் பெண்மணிகள் நாணவில்லை. அடிவயிற்றில் ஒரு பக்கத்து வலியோ, தோள்வலியோ, மயக்கமோ உடன் இருக்குமாயின் அன்றே, அப்பொழுதே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும், மஸ்அலா காத்திருக்கலாம். வீட்டுச் சோதனை ‘இல்லை’ என்று காட்டினாலும் காலம் முந்தியதாக இருக்கலாம். உறவு நிகழ்ந்து மூன்று வாரம் கழித்துச் செய்வதே நம்பத்தக்கது. ஐயம் தொடர்ந்தால் இரத்தச் சோதனையும், தேவையாயின் இரண்டு நாள் இடைவெளியில் மறுசோதனையும், ஒலியலைப் படமும் உண்டு.

ஐயம் நீங்கும்வரை முடிவு கட்டாதே என்று இத்தா விஷயத்தில் நம் இமாம்கள் விதித்தது ஒரு குடும்பத்தின் வமிசத்தைக் காக்க. அதே விதியை ஒரு பெண்ணின் உயிரைக் காக்கவும் கைக்கொள்வது அவர்களின் வழிக்கு மாறாகாது. உமர் (ரலி) அவர்கள் அறிந்தோரை அழைத்துக் கேட்ட பின்னரே தீர்ப்புச் சொன்னார்கள். அன்று மஃரிபுக்குப் பின் என்னிடம் வந்தவருக்கு நானும் அறிந்தோரைக் காட்டியிருக்க வேண்டும். இப்போது என் மாணவர்களுக்கு ஹைளின் பாடத்தைத் தொடங்கும்போது, நாட்கணக்கை எழுதுமுன் அந்த வினாவையே முதல் வரியாக எழுதச் சொல்கிறேன். அல்லாஹ்வே மிக அறிந்தவன்.